சாமிக்கு முன்னால் சுற்ற எந்தக் கம்பு? மதுரைக் கடைகளில் கிடைக்கும் சிலம்பக் கம்புகள் பற்றி

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிலம்பக் கம்புக்குத் தேவை கூடிவிடும். அம்மன் கோயில் பொங்கல், முளைப்பாரி, சித்திரைத் திருவிழா, அப்புறம் அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துவரும் புரவி எடுப்பு என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். சாமி புறப்பாட்டில் தப்புக்கும் உறுமிக்கும் முன்னால் கம்பு சுற்றும் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பத்து, இருபது கம்பு வேண்டியிருக்கும். அவசரத்தில் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போய், பளபளவென்று இருப்பதை ஒரு கட்டாக வாங்கி வந்துவிடுகிறார்கள். பாதி ஊர்வலத்தில் கம்பு விரிசல் விடுவதும், உள்ளங்கையில் சிலாம்பு ஏறுவதும் அதனால்தான்.

அந்தக் கம்புகள் மோசம் என்று சொல்லவில்லை. அவை வேறு வேலைக்குச் செய்தவை. பள்ளிகளிலும் போட்டிகளிலும் சிலம்பம் இன்று நன்றாகப் பரவியிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம்பெற்றது. தனித்திறமைச் சுற்றில் கம்பு வேகமாகச் சுழல வேண்டும், ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு மெலிந்த, இலேசான கம்பு போதும். கோயில் ஊர்வலம் அப்படியல்ல. இரண்டு மூன்று மணி நேரம் ஆட வேண்டும். வெயில், வியர்வை, தெருவெல்லாம் தண்ணீர், இடையிடையே இருவர் நேருக்கு நேர் கம்பு மோதும் தட்டு வரிசை. அத்தனையையும் தாங்குகிற கம்பு கடைக் கட்டில் அரிதாகத்தான் அகப்படும்.

முதலில் வார்னிஷ் அடித்த மூங்கில் கம்பைப் பார்ப்போம். அதிகம் விற்பது இதுதான். பார்வைக்கு ஒரே பருமன், கணுவே தெரியாத வழவழப்பு, இரு முனையிலும் கலர் டேப். அந்த வழவழப்புதான் இதன் பெரிய குறை. மூங்கிலின் பலம் முழுக்க வெளித்தோலை ஒட்டிய பகுதியில் இருக்கிறது; நார்கள் அங்கேதான் நெருக்கமாக ஓடுகின்றன, உள்ளே போகப் போகக் கலகலத்துவிடும். ஒரே பருமனாக வரவேண்டும் என்று தோலைச் சீவி எடுத்தால் பலமான பாகம் குப்பைக்குப் போகிறது, பஞ்சு போன்ற பாகம் கையில் நிற்கிறது. கணுவில் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டை மட்டும் அரத்தால் தேய்த்தால் போதும், மற்ற இடத்தில் கத்தியே படக்கூடாது.

வார்னிஷ் இன்னும் இரண்டு கெடுதல் செய்கிறது. மயிரிழை விரிசலையும் வண்டுத் துளையையும் மூடி மறைத்துவிடும். துளையில் பட்டி வைத்து அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வியர்வை பட்டதும் வழுக்கவும் செய்யும். கூட்டத்துக்கு நடுவே கை நழுவிய கம்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உப்புத்தாளால் வார்னிஷ் முழுவதையும் உரித்துவிட்டு, விரிசல் இல்லை என்று உறுதியானால் எண்ணெய் தடவிப் பயன்படுத்தலாம். விரிசல் இருந்தால் அதைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பிரம்பு. இதற்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: நீளவாக்கில் பிளக்காது. உள்ளே துளை கிடையாது, நார் நாராக இருப்பதால் அடி வாங்க வாங்க முனை துடைப்பம் போலப் பிரியுமே தவிர, கூரான சிலாம்பாகத் தெறிக்காது. தட்டு வரிசை பழகும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கம்பு இல்லை. முனை பிரிய ஆரம்பித்ததும் ஓரங்குலம் அறுத்துவிட்டு, நூல் சுற்றிக்கொண்டு தொடரலாம். குறை என்னவென்றால் வளைந்துபோகும். சுவரில் சாய்த்து வைத்த பிரம்பு ஒரு கோடைக்குள் வில்லாகிவிடும். வேகமாக வீசும்போது நுனி பின்தங்கி ஆடுவதால், முனையால் குத்தும்போது குறி தப்பும். வீச்சின் ஓசையும் மூங்கில் அளவுக்கு எழும்பாது. சிலம்பம் என்ற பெயரே ஒலியோடு சேர்ந்தது. தப்பு அடிக்கும் தெருவில் அந்த 'விர்' சத்தம் கேட்காவிட்டால் ஆட்டத்தில் ஒரு பாதி குறைந்தது போல இருக்கும்.

அலுமினியக் குழாய்க் கம்பு, வெள்ளி நிறத்தில் மின்னுவதால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். திருவிழாத் தெருவுக்கு இதை ஒருபோதும் எடுத்துப் போகாதீர்கள். கையை உயர்த்தி, கம்பின் ஒரு முனையைப் பிடித்து மேலே வீசினால் நுனி 12 அடியைச் சாதாரணமாகத் தொடும். தெருவின் குறுக்கே கட்டும் சீரியல் செட் அந்த உயரத்தில்தான் தொங்குகிறது. இன்சுலேஷன் உரிந்து, கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகள் அதில் பத்து இடத்தில் இருக்கும். சில தெருக்களில் வீட்டு இணைப்புக் கம்பியும் தாழ்வாகவே போகிறது. கீழே ஈரத்தரை, வெறுங்கால். ஒரு நொடி பட்டால் போதும். மூங்கிலும் நனைந்திருந்தால் மின்சாரம் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். எந்தக் கம்பாக இருந்தாலும் முதல் நாளே தெருவை நடந்து பார்த்து, ஒயர் தாழ்ந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே தலைக்கு மேல் வீசுவதைத் தவிர்க்க வேண்டும். கண்ணாடி நார் கம்பில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் மேற்பூச்சு தேய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத நார் தோலில் ஏறி நாள் கணக்கில் அரிக்கும்.

ஊர்வலத்துக்கு உகந்தது கல் மூங்கில்தான். உள்ளே துளை இருக்காது, இருந்தாலும் ஊசி நுழையும் அளவே இருக்கும். இதை விளையாட்டுக் கடையில் தேடுவதைவிட, ஏணியும் கூடையும் பந்தல் கம்பும் விற்கிற மூங்கில் கடையில் தேடுவது நல்லது. பளபளப்பு இருக்காது, சற்றுக் கோணலாகவும் இருக்கும். கோணலை நிமிர்த்திவிடலாம். தோல் முழுசாக இருப்பதுதான் முக்கியம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை: பெரியவர்களுக்கு ஐந்தரை அடி, அதாவது ஏறத்தாழ 168 செ.மீ. என்பது பழகிய அளவு. ஆனால் டேப்பைவிட உடம்பே சரியான அளவுகோல். வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றால் கம்பின் முனை நெற்றிப் பொட்டுக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்; "வளருகிற பிள்ளை, இருக்கட்டும்" என்று அரையடி கூட்டி வாங்கினால் ஒவ்வொரு கீழ்வீச்சிலும் முனை தரையில் இடித்து, மணிக்கட்டு வலிக்கும். பருமனுக்கு, கம்பை இறுகப் பிடியுங்கள். நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடியை நெருங்கி நின்றால் சரி. உள்ளங்கையில் அழுந்தினால் கம்பு மெலிது, இரண்டு விரல் இடைவெளி விழுந்தால் தடிமன். 22 மி.மீ. பருமனுள்ள ஐந்தரை அடிக் கல் மூங்கில் காய்ந்த பிறகு அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். அதைவிட நிறையக் கனத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

ஒரு கண்ணை மூடி, தச்சர் பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். பிறகு கம்பை நிறுத்தி, ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுங்கள். நல்ல கம்பு கணீரென்று ஒலிக்கும்; உள்விரிசல் இருந்தால் சத்தம் அடைத்தது போல, இரட்டையாகக் கேட்கும். இரு முனையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கடைசியாக ஒற்றை விரலில் கம்பைக் கிடத்தி, சமன் நிற்கும் இடத்தைப் பாருங்கள். மூங்கிலுக்குத் தூர் பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால் அது நட்ட நடுவில் வராது. நடுவிலிருந்து மூன்று விரல் விலகினால் குற்றமில்லை, ஒரு சாண் விலகினால் ஒற்றைக் கையால் சுற்றும்போது கம்பு ஒருபக்கமாக இழுக்கும்.

நீளம் குறைக்கும்போதுதான் பலர் நல்ல கம்பைக் கெடுக்கிறார்கள். அறுக்கும் கோடு கணுவைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி இருக்க வேண்டும். கணு, பிளவு மேலே ஏறாமல் தடுக்கும் பூட்டு. இரண்டு கணுவுக்கு நடுவே அறுத்தால், அந்த முனை தரையில் பட்ட ஒவ்வொரு முறையும் பிளவு அடுத்த கணு வரைக்கும் ஓடும். அறுக்கும் இடத்தில் இறுக நூல் சுற்றிக்கொண்டு, பல் நெருக்கமான ரம்பத்தால் கம்பை உருட்டி உருட்டி அறுத்தால் தோல் பிசிறாது.

பச்சையாக வாங்கினால் பதப்படுத்தும் வேலை இருக்கிறது. மழைக்காலம் முடிந்து மார்கழி, தையில் வெட்டிய, மூன்று வயது தாண்டிய மூங்கில் வேண்டும். இளசில் மாவுச்சத்து அதிகம்; அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அமுக்கி ஊறப் போடுங்கள். தொட்டி என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், புளித்த நாற்றம் வருவது மாவுச்சத்து வெளியேறுவதன் அடையாளம். பிறகு நிழலில், காற்றோட்டமாக ஒரு மாதத்துக்குக் குறையாமல் காய வேண்டும். மதுரை வெயிலில் நேராகப் போட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி, உள்ளீரம் அப்படியே நிற்க, பட்டென்று நீளவாக்கில் வெடிக்கும். ஒரு வாரத்தில் ஆகவேண்டும் என்று அவசரப்பட்டவர்கள் கட்டோடு இழந்தது இந்த இடத்தில்தான். காய்ந்தபின் கரி அனலில் கோணல் உள்ள இடத்தை மட்டும் உருட்டி வாட்டி, தோலில் எண்ணெய் போல மினுமினுப்பு வந்ததும் நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். கறுக விட்டால் அங்கே ஒடியும். பின் வேப்பெண்ணெயோ நல்லெண்ணெயோ மெல்லிசாகத் தடவி, துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் முடிந்தது. ஆக, சித்திரைக்குக் கம்பு வேண்டுமென்றால் தையிலேயே வாங்கிவிட வேண்டும்.

முனையில் பித்தளைப் பூண் போட்டுத் தருகிறோம் என்று சில கடைகளில் சொல்வார்கள். உலக்கைக்குப் பூண் பொருந்தும். வேகமாகச் சுழலும் கம்புக்கு, அதுவும் கூட்டத்தில், வேண்டவே வேண்டாம். கோடையில் மூங்கில் சுருங்கியதும் பூண் தளர்ந்து, வீச்சில் கழன்று பறக்கும். ஆணி அடித்து நிறுத்தினால் அந்த ஆணியிலிருந்தே பிளவு தொடங்கும். பருத்தி நூலை இரண்டு அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, மேலே பசை தடவினால் போதுமானது.

தீப்பந்தக் கம்பு தனிச் சாமான். துளையுள்ள மூங்கிலைப் பந்தத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி, வெடிபோல வெடிக்கும். கல் மூங்கிலில், முனையிலிருந்து ஓரடிக்கு இரும்புத் தகட்டுக் குழல் மாட்டியது நல்லது. தகட்டைக் கம்போடு இறுகக் கட்டி, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து அதன்மேல் இறுக்கச் சுற்றி, கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முறுக்க வேண்டும். நூலால் கட்டினால் எரிந்து, துணி தீயோடு அவிழ்ந்து விழும். இரு முனைத் துணியையும் தராசில் வைத்து ஒரே எடையாக்குங்கள். மண்ணெண்ணெயில் முக்கி, சொட்டு நிற்கும்வரை பிழிந்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்; பிழியாத பந்தம் முதல் சுற்றிலேயே தீத்துளியைக் கூட்டத்தின் மேல் தெறிக்கும். பெட்ரோலைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். அதன் ஆவி பந்தத்தை விட்டு விலகி நிற்கும் ஆளையும் பற்றும்.

உடையும் இதில் சேர்த்தி. கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுத்து ஆடுபவர்கள் அணிகிற வெல்வெட், சாட்டின் உடைகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் செயற்கை இழையாக இருந்தால் நெருப்புப் பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தைக்கக் கொடுக்கும்போதே பருத்தித் துணி கேளுங்கள். தொங்கும் குஞ்சம், ஜரிகை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தம் சுற்றும்போது பக்கத்தில் நனைத்த சாக்கோடு ஓர் ஆள் நிற்பது கட்டாயம். ஓலைப் பந்தலுக்குக் கீழே பந்தம் கூடாது.

இடமும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். கை நீளம் இரண்டடி, கம்பு ஐந்தரை அடி. முழு வீச்சில் ஒருவருக்குச் சுற்றிலும் எட்டடி வெற்றிடம் தேவை. எனவே 16 அடிக்குக் குறைந்த தெருவில் முழு வீச்சு வேண்டாம். நடுக்கம்பு பிடித்துச் சுற்றும் வரிசைகளை மட்டும் ஆடலாம். கயிறு பிடித்து இடத்தை ஒதுக்க இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள். சிறு பிள்ளைகள் கம்புக்குக் கீழே குனிந்து ஓடி வருவதுதான் அடிக்கடி நடப்பது.

விழா முடிந்ததும் கம்புகளை மூலையில் சாய்த்து வைக்காமல், இரண்டு இடத்தில் தாங்கல் கொடுத்துக் கிடையாகப் பரணில் வையுங்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் அடுப்புக்கு மேலே வைத்தால் புகைபட்டு வண்டு அண்டாது. மாதம் ஒருமுறை கீழே பாருங்கள். மஞ்சள் கலந்த வெள்ளை மாவு கொட்டியிருந்தால் அந்தக் கம்பு உளுக்க ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றுக்குப் பரவுமுன் அதை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.