அம்பாசடருக்கு வேறு ரேடியேட்டர்: தருமபுரித் தண்ணீரோடு சில வருட அனுபவம்

வண்டி 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். 2021-ல் அதன் பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, பிற்கால டீசல் வேன் ஒன்றுக்கு வரும் அலுமினிய ரேடியேட்டரை மாட்டினேன். அதற்கான ஸ்டாண்டு, ஃபேனைச் சுற்றி வரும் தகட்டுக் கூண்டு, இணைப்புக் குழாய் எல்லாம் வீட்டில் வைத்தே அளந்து வெட்டிச் செய்தவை. வெல்டிங்குக்கும் லேத் வேலைக்கும் மட்டும்தான் வெளியே போனேன். அன்றிலிருந்து வண்டி அதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறினாலும் வெப்பம் காட்டும் முள் சிவப்புப் பக்கம் போவதில்லை. மாட்டிய வாரமே இதை எழுதியிருந்தால் ரேடியேட்டரைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் தண்ணீரைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பற்களில் கறை படிய வைத்த புளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ரேடியேட்டரை அடைப்பது புளோரைடு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. சூடேறும்போது அவை கரைசலிலிருந்து பிரிந்து, வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைப் பாறையாக ஒட்டிக்கொள்கின்றன. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் ரேடியேட்டருக்குத் தினமும் சொம்புத் தண்ணீர் ஊற்றினால், ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு முழுக்க உள்ளேயே தங்கிவிடும். ஒரே தண்ணீர் வருடக்கணக்கில் சுற்றினால்கூட இவ்வளவு படியாது. புதுசு புதுசாக ஊற்ற ஊற்றத்தான் படிவம் ஏறிக்கொண்டே போகும்.

என் பழைய ரேடியேட்டரை கடையில் மேல் டேங்க் பிரித்துக் காட்டினார்கள். குழாய்களின் வாய் சாம்பல் கலந்த வெள்ளையில் அடைத்திருந்தது. டேங்க்குகளுக்கு இடையில் வரும் குழாய் அடுக்கை, அதாவது கோரை, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் குழாய்களுக்குள் பார்த்தால், நடுப்பகுதியில் மட்டும்தான் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு ஓரமும் இருட்டு. முன்பே ஒருமுறை டேங்க் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்த கோர் அது. குழாய்ச் சுவர் தேய்ந்து காகிதம் போல் ஆகியிருந்ததால் இன்னொரு தடவை ராடு தாங்காது என்றார்கள். மேலே பழைய ஈயப் பத்துகள் வேறு.

நல்ல பித்தளைக் கோர் கிடைத்திருந்தால் கோர் மாற்றியிருப்பேன். பழைய வண்டியை அப்படியே வைத்திருக்க நினைப்பவர்கள் முதலில் அதைத்தான் தேட வேண்டும். பித்தளை என்றால் எந்த ஊர் ரேடியேட்டர் கடையிலும் ஈயம் வைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்துக்கு அந்த வசதி இல்லை. டேங்க் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். எனக்கு அப்போது சொன்ன விலையும் காத்திருக்கச் சொன்ன காலமும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

எந்த ரேடியேட்டர் எடுப்பது என்பதில் அகலம், உயரத்தைவிட முக்கியமான ஒன்று மேல் டேங்க்கின் உயரம். மூடி இருக்கும் வாய், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில், தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிட மேலே இருக்க வேண்டும். கீழே போனால் ஹெட்டுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் நிறைந்திருக்கும், ஹெட் காய்ந்துகொண்டிருக்கும். இதைப் பார்க்கக் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப் லெவல் போதும். ஒரு முனையைத் தெர்மோஸ்டாட் மூடி பக்கம், இன்னொன்றை ரேடியேட்டர் நிற்கப்போகும் இடத்தில் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்கு மேல் வாய் வரும்படி அமைந்த ரேடியேட்டரைத்தான் வாங்கினேன். பக்கவாட்டில் டேங்க் இருக்கும் புது மாடல்களைத் தொடவில்லை.

ஸ்டாண்டு செய்ததைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. முதலில் அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி. ரேடியேட்டரை மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் நடுவில் 25 மில்லிமீட்டர் விட்டு, அட்டையை மடித்து மடித்துப் பார்த்தேன். அட்டை பொருந்திய பிறகுதான் இரும்பு. அடியில் தாங்க 25 × 25 × 3 எல் ஆங்கிள். மேலே பிடிக்க 25 × 3 பட்டை. பாடியில் ஏற்கெனவே இருந்த போல்ட் ஓட்டைகளைத் தவிர ஒரு புது ஓட்டை போடவில்லை, ஒரு இடத்திலும் தகடு வெட்டவில்லை. நாளைக்குப் பித்தளை ரேடியேட்டர் கிடைத்தால் இதைக் கழற்றி அதை மாட்டிவிடலாம்.

ஸ்டாண்டில் போல்ட் போகும் ஓட்டைகளை வட்டமாக விடாமல் நீளமாக்கினேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு நடுவில் இருப்பதை அரத்தால் ராவினால் நீள ஓட்டை ஆகிவிடும். வெல்டிங் சூட்டில் ஆங்கிள் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. இந்த நீள ஓட்டை இருந்ததால் மாட்டும்போது தள்ளிச் சரிசெய்ய முடிந்தது.

வெல்டு வைத்தது கேட், கிரில் செய்யும் பட்டறையில். அங்கிருந்த தம்பி வேலைக்காரர், நல்ல கை. "அண்ணா, ரேடியேட்டரையும் நாலு பக்கம் கிளாம்ப் போட்டு நச்சுனு இறுக்கிட்டா அசையவே அசையாதுண்ணா" என்றார். "அசையணும் தம்பி, அதுக்குத்தான் ரப்பர்" என்றேன். வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் போகும்போது பாடி முறுக்கிக்கொள்ளும். ரேடியேட்டரை இறுக்கிக் கட்டினால் அந்த முறுக்கு நேராக டேங்க்கும் கோரும் சேரும் மடிப்பில் போய் விழும். இவ்வகை ரேடியேட்டரின் அடியில் இரண்டு குமிழ்கள், மேலே இரண்டு குமிழ்கள் இருக்கும். அடி ஆங்கிளில் அவற்றுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் புஷ் வைத்து அதன்மேல் உட்கார வைத்தேன். மேல் பட்டை குமிழ்களை லேசாகப் பிடித்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ரப்பர் நடுவில் இருப்பதால் அலுமினியமும் பாடி இரும்பும் நேரடியாகத் தொடுவதில்லை. கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) வழியாக மின்சாரம் கசிந்தால் அலுமினியம் அரித்துவிடும். மல்டிமீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ரேடியேட்டர் வாயில் கூலன்டில் மட்டும் தொட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. எனக்கு ஆரம்பத்தில் அதைவிட அதிகமாக இருந்தது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே புது எர்த் ஒயர் போட்டதும் இறங்கியது.

ஃபேன் கூண்டு, 0.8 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. இதை வெல்டு வைக்கவே கூடாது. துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடிக்கும். பாப் ரிவெட்டுதான். இறக்கையில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருந்தால் காற்றை நன்றாக இழுக்கும். சுற்றிலும் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். ஏனென்றால் ஃபேன் இன்ஜினோடு ஆடும், கூண்டு பாடியோடு நிற்கும். பிரேக் அடித்தால் இன்ஜின் முன்னால் சாயும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் இறங்கிப்போன வண்டியில் இதைச் செய்வதற்கு முன் அதை மாற்றியே ஆக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது வெப்பம் குறைந்ததற்குப் பெரிய காரணம் இந்தக் கூண்டுதான் என்பது என் எண்ணம். பித்தளை ரேடியேட்டரே நன்றாக இருக்கிறவர்கள்கூட இதை மட்டும் செய்து பார்க்கலாம்.

மேல் ஹோஸ் ரேடியேட்டர் பக்கம் பெரிய அளவு, இன்ஜின் பக்கம் சிறிய அளவு. லேத்தில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் ஒன்றைப் படிப்படியாகக் கடைந்து வாங்கினேன். இரண்டு முனையிலும் சின்ன வரம்பு விடச் சொல்லுங்கள். வரம்பில்லாத குழாயில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் வழுக்கிக்கொண்டு வரும். மூடி விஷயமும் அதோடு சேர்ந்தது. பழையது 7 பவுண்ட் (சுமார் 0.5 பார்) அழுத்தத்துக்கான மூடி. அதில் தண்ணீர் 111 டிகிரி வாக்கில் கொதிக்கும். புது ரேடியேட்டரின் மூடி 0.9 பார், கொதிநிலை 118 வாக்கில். நல்லதுதான், ஆனால் அந்த அழுத்தம் எல்லா ஹோஸிலும் வாட்டர் பம்ப் சீலிலும் விழும். அதனால் இவற்றையும் ஒரே மூச்சில் புதிதாக்கினேன். எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

புது ரேடியேட்டரை மாட்டும் முன்னால் இன்ஜின் பிளாக்கின் உள்ளே தண்ணீர் ஓடும் பாதையைக் கழுவியது தனிக் கதை. பிளாக்கின் பின்பக்கம் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தக் குத்த, செங்கல் நிறச் சேறு குழைந்து வந்தது. சிட்ரிக் ஆசிட் கரைசலைப் பழைய ரேடியேட்டரோடேயே ஓடவிட்டு வடித்து, சோடா உப்புத் தண்ணீர் விட்டு, பிறகு தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓஸ் பைப்பில் அடித்தேன். இதைச் செய்யாமல் புதுசை மாட்டினால் அந்தச் சேறு முழுக்கப் புதுக் கோரில் போய் உட்காரும்.

தெர்மோஸ்டாட் வைக்க வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்பு கழற்றிப் போட்டுவிட்டார்கள். நான் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை மறுபடி வைத்தேன். அது இல்லாத வண்டி காலையில் சூடேறவே நேரமாகிறது, பெட்ரோல் கூடக் குடிக்கிறது, பிளக் கருத்துப்போகிறது. ஏற்றத்தில் கொதிக்கும் வண்டிக்கு நோய் வேறு இடத்தில் இருக்கிறது. வெப்பமானித் துப்பாக்கியால் தெர்மோஸ்டாட் மூடியில் அடித்துப் பார்த்ததில், சமதளத்தில் 84, 85. தொப்பூர் ஏறிப் பாளையம் டோல்கேட்டில் நிற்கும்போது 92 வாக்கில். ஓசூர் போகும் வழியில் சூளகிரி ஏற்றத்திலும் ஏறக்குறைய அதேதான். அதே துப்பாக்கியால் கோர் முழுக்கப் புள்ளி புள்ளியாக அடித்தால், அடைத்த இடம் மட்டும் குளிர்ந்து காட்டும். இதுவரை அப்படி ஒரு புள்ளி இல்லை.

காலப்போக்கில் கெட்டவை: அடி ரப்பர் புஷ் இரண்டாவது வருடமே இறுகி வெடித்தது. லாரி உதிரிபாகக் கடையில் கனமான ரப்பர் வாங்கி மாற்றினேன், அது நிற்கிறது. ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்த வெல்டு ஓரங்களில் துரு. மேலே எனாமல் பெயிண்ட் கட்டாயம். கூண்டு கடகடத்ததற்கு விளிம்பில் பழைய ஹோஸைப் பிளந்து சொருகினேன். கிரானைட் லாரிகள் ஓடும் ரோட்டுத் தூசி, கோர் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடான ஃபின்னில் அப்பிக்கொள்கிறது. கோடைக்கு முன்னால் கூண்டைக் கழற்றி, இன்ஜின் பக்கமிருந்து வெளியே, மெதுவான தண்ணீரில் கழுவுகிறேன். கம்ப்ரசர் வேகத்தில் அடித்தால் ஃபின் மடங்கும்.

கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, மீதி பேட்டரி கடையில் கிடைக்கும் டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீர். நமக்குப் பனி உறையாது, அதனால் சரிபாதி தேவையில்லை; துருவைத் தடுத்தால் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் டிஎம் தண்ணீர் உண்டு. வழியில் யார் கேட்டாலும் அதைத்தான் ஊற்றுவேன், பங்க் குழாய்த் தண்ணீரை ஊற்ற விடுவதில்லை. கசிவுக்கு மஞ்சள் தூள் போடச் சொல்வார்கள். ஓட்டையை அடைக்கிற தூள் நல்ல குழாயையும் அடைக்கும். கசிந்தால் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, அழுத்தமில்லாமல் மெதுவாக வீடு வந்து சேருவது மேல். ஆனால் இன்ஜின் ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், அது விஷம். நான் மூடி போட்ட கேனில் பிடித்துப் பெயர் எழுதி, பழைய ஆயில் வாங்க வருபவரிடம் என்னவென்று சொல்லியே கொடுக்கிறேன். அடுத்த மாற்றம் இந்தத் தைக்குப் பிறகு. அதோடு கீழ் ஹோஸையும் மாற்றிவிடுவேன். விரலால் அமுக்கினால் கிளிப் பக்கம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.