2 மீட்டர் பேண்டில் இரைச்சலா? கேபிள் டிவி ஆட்களிடம் பூஸ்டருக்கும் ஃபில்டருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள்

லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) வீட்டில் நடந்தது இது. 2 மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒரே சீரான இரைச்சல்; பக்கத்து ஊர் ரிப்பீட்டர்கூட (சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) கேட்கவில்லை. தெருவில் ஓடும் கேபிள் டிவி லைனில் கசிவு என்று சொன்னதும் ஆட்கள் மூன்று தடவை வந்தார்கள். முதல் தடவை செட்டாப் பாக்ஸை மாற்றினார்கள். இரண்டாம் தடவை "சிக்னல் வீக்கா இருக்கு சார்" என்று ஒரு பூஸ்டரை மாட்டினார்கள். மூன்றாம் தடவை, ரேடியோவின் ஆன்டெனா லைனில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு ஃபில்டரை விற்றார்கள். மூன்றுக்கும் காசு வாங்கினார்கள், எதற்கும் பில் தரவில்லை. இரைச்சல் குறையவே இல்லை. பூஸ்டர் வந்த பிறகு கூடியது.

உண்மையான கோளாறு நாலு வீடு தள்ளி ஈபி கம்பத்தில் இருந்தது. இரண்டு கேபிள் துண்டுகளின் நடுக்கம்பிகளை மட்டும் முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி விட்டிருந்தார்கள். கேபிளுக்குக் கவசமாக இருக்கும் வெளிப்பின்னல் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டுத் தனித்தனியாகத் தொங்கியது, மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. அந்த நாலு விரல் நீளத்துக்குக் கேபிளுக்குக் கவசமே கிடையாது, அதாவது அது ஒரு ஆன்டெனா.

இந்த ஏமாற்று எளிதாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அனலாக் காலத்தில் கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பால்-பி என்ற அனலாக் டிவி முறையில் எஸ்-6 கேபிள் சேனலின் படக் கேரியர் 140.25 மெகாஹெர்ட்ஸ், ஒலிக் கேரியர் 145.75. கசிந்தால் ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) சீரியல் வசனமே கேட்கும். கேபிள்காரரை அழைத்துக் கேட்க வைத்தால் போதும். 2012இல் தொடங்கிய டிஜிட்டல் மாற்றத்துக்குப் பிறகு வசனம் இல்லை, வெறும் 'உஸ்' தான். அதனால் "டிஜிட்டல்ல கசிவே வராது சார், உங்க ரேடியோவைப் பாருங்க" என்று சொல்ல முடிகிறது. அது பொய். கேபிளில் ஓடும் அதிர்வெண்களும் வெளியே காற்றில் ஓடும் அதிர்வெண்களும் ஒன்றுதான். கவசம் சரியாக இருக்கும்வரைதான் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்.

டிஜிட்டல் கேபிளில் ஒவ்வொரு சேனலும் (பல டிவி சேனல்களை ஒன்றாகச் சுமக்கும் அலைவரிசை) 8 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஹெட்எண்டில் (கேபிள் சிக்னல் புறப்படும் நிலையம்) ஒன்றை 146 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் அது 142 முதல் 150 வரை பரவி, நமக்கு உள்ள 144–146 முழுவதையும் விழுங்கிவிடும். உங்கள் லைனில் அது இருக்கிறதா என்பதை செட்டாப் பாக்ஸின் மேனுவல் ஸ்கேனில் பார்க்கலாம்: 146000 கிலோஹெர்ட்ஸ், 64 கியூஏஎம், சிம்பல் ரேட் 6875 கொடுங்கள். (சில ஹெட்எண்டுகளில் 256 கியூஏஎம், 6900 இருக்கும்; அதையும் போட்டுப் பாருங்கள்.) சேனல்கள் வந்தால் முதல் ஆதாரம் கையில் வந்துவிட்டது.

இரண்டாவது ஆதாரத்துக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் மாட்டி அலைவரிசையைத் திரையில் பார்க்கும் சின்ன ரிசீவர்) போதும். அதன் திரையில் ஒரே நேரத்தில் இரண்டு மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான் தெரியும், ஆகவே 146இல் வைத்துப் பார்த்தால் தட்டையான இரைச்சல் மட்டும் தெரியும், குழப்பம்தான் மிஞ்சும். 142இல் வையுங்கள். அதுதான் 138ஐ மையமாகக் கொண்ட சேனலும் 146 சேனலும் சேரும் இடம். இரண்டும் ஓடினால் நடுவில் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும், இரண்டு பக்கமும் மேடாக நிற்கும். 150இலும் இதே வடிவம் வரலாம். எல்இடி பல்பு, சிசிடிவி அடாப்டர், மொபைல் சார்ஜர் எதன் இரைச்சலும் இப்படி 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் என்று வெட்டியது போல வராது. திரையைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இரைச்சலையும் கேபிள் தலையில் போடவும் கூடாது. பேட்டரியில் ஓடும் ரிசீவரை வைத்துக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கனெக்டரைக் கழற்றி, வரும் முனையில் 75 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் மின்தடை மூடி) மாட்டிப் பாருங்கள். டெர்மினேட்டர் இல்லாமல் வெறுமனே விட்டால் அந்த முனையே கசியும், சோதனை பொய்த்துவிடும். கழற்றுவதற்கு முன் கனெக்டரின் உலோகத்தில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெட்டியின் பவர் சப்ளை கசிந்து, கேபிளின் பின்னலில் ஷாக் அடிப்பது நம் ஊரில் அபூர்வமல்ல.

தெருவில் தேட எஃப்எம் ஹேண்டி உதவாது. 8 மெகாஹெர்ட்ஸில் பரவிய சக்தியில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழுவது 640இல் ஒரு பங்கு, அதாவது 28 டெசிபெல் குறைவு, எஸ்-மீட்டர் (சிக்னல் பலம் காட்டும் அளவி) அசையாது. இரைச்சலின் ஏற்ற இறக்கம் காதில் கேட்கும் ஏஎம் அல்லது எஸ்எஸ்பி முறை வரும் ரிசீவரோ, போனில் மாட்டிய டாங்கிளோ வேண்டும். ஆன்டெனாவுக்குத் தச்சர் வைத்திருக்கும் ஸ்டீல் மெஷரிங் டேப்பும் பிவிசி பைப்பும் போதும், டேப் துண்டுகளைப் பைப்பின் மேல் குறுக்காக வையுங்கள்: பின்னால் 105 செ.மீ., நடுவில் 45 செ.மீ. துண்டு இரண்டு (இடையில் 2.5 செ.மீ. இடைவெளி, அதன் குறுக்கே 'யு' வடிவில் வளைத்த 13 செ.மீ. கம்பி, ரிசீவருக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளும் அங்கேயே), முன்னால் 89 செ.மீ. பின்னதுக்கும் நடுவுக்கும் 20 செ.மீ., நடுவுக்கும் முன்னதுக்கும் 32 செ.மீ. இதைச் சுழற்றி, இரைச்சல் ஓங்கும் திசையில் நடந்தால் கம்பம் தெரிந்துவிடும். நெருங்கியதும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஐந்து செ.மீ. கம்பியை மட்டும் மாட்டுங்கள், எந்த ஜாயிண்ட் என்பதுவரை வந்துவிடலாம். கம்பத்தில் ஏறாதீர்கள், அவர்கள் கேபிளை வெட்டாதீர்கள். கீழே நின்று படம் எடுத்தால் போதும்.

இனி அவர்கள் விற்கும் 'தீர்வுகள்'. பூஸ்டர் 20 டெசிபெல் கூட்டினால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஓட்டையிலும் கசிவு நூறு மடங்கு சக்தியோடு வரும். அந்த வீட்டில் டிவிக்குப் பின்னால் இருந்த ஸ்ப்ளிட்டரில் இரண்டு போர்ட்டுகள் திறந்து கிடந்தன. மூடி போடாமல் பூஸ்டர் போட்டதால்தான் இரைச்சல் ஏறியது. ஃபில்டர் அதைவிட மோசமான வியாபாரம்: கசிவு நம் பேண்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை வெட்டும் எந்த ஃபில்டரும் நாம் கேட்க வேண்டிய சிக்னலையும் வெட்டும். அலுமினியத் தாள் சுற்றுவது, டேப்புக்கு மேல் டேப் ஒட்டுவது எல்லாம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. இன்னொரு தந்திரமும் உண்டு. புகார் வந்ததும் தெரு லைனில் உள்ள ஆம்ப்ளிஃபையரின் கெயினை (பெருக்கத்தை) குறைத்துவிட்டு, நீங்கள் "சரியாகிவிட்டது" என்று கையெழுத்துப் போட்டதும் பழையபடி ஏற்றிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அளந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

"நீங்க பேசும்போதுதான் தெருவில படம் கட்டம் கட்டமா உடையுது" என்று அக்கம்பக்கத்தாரைத் தூண்டிவிடுவதும் நடக்கிறது. சிக்னல் வெளியே வரும் அதே ஓட்டை வழியாகத்தான் உங்கள் டிரான்ஸ்மிஷன் உள்ளே போகிறது. கேபிள் கவசம் முழுசாக இருந்தால் இரண்டுமே நடக்காது. அக்கம்பக்கத்தாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், அவர்களுக்கும் படம் சரியாக வருவதுதான் வேண்டும்.

சரியான வேலை எப்படி இருக்கும்? கம்பத்தில் ஒவ்வொரு ஜாயிண்டிலும் எஃப் கனெக்டர் (டிவி கேபிளின் உலோகத் திருகு முனை) இருக்க வேண்டும், அதுவும் கம்ப்ரஷன் வகை. கையால் திருகி மாட்டுவது வேண்டாம். ஆர்ஜி-6 கேபிளின் முனையைச் சீவும்போது பின்னலை வெட்டி எறியாமல் பின்னோக்கி மடித்து, கனெக்டர் உடலோடு அழுந்தச் செய்ய வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரின் அடித்தட்டோடு சமமாக நிற்க வேண்டும். ஸ்ப்ளிட்டரும் டேப்-ஆஃபும் (லைனிலிருந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வார்ப்பு உலோகப் பெட்டியில், காலி போர்ட் ஒவ்வொன்றிலும் 75 ஓம் டெர்மினேட்டரோடு. ஆம்ப்ளிஃபையர் மூடியின் எல்லாத் திருகுகளும் இறுகியிருக்க வேண்டும். அங்கேதான் லெவல் உச்சத்தில் இருக்கும், ஒரு திருகு தளர்ந்தாலும் தெரு முழுக்கக் கேட்கும். ஃபைபர் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஃபைபரை மீண்டும் ஆர்எஃப் ஆக மாற்றும் மினி நோடிலிருந்து டிவி வரை போவது பழைய கோஆக்ஸ்தான்.

இந்த வேலைக்கு உங்களிடம் காசு கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 1995ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்குகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அனுமதி பெற்ற தொலைத்தொடர்பு அமைப்புகளின் இயக்கத்தில் கேபிள் நெட்வொர்க் எந்த வகையிலும் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டரின் கடமை என்கிறது. உங்கள் அமெச்சூர் லைசென்ஸ்தான் அந்த அனுமதி. புகாரை வாயால் சொல்லாதீர்கள். லைசென்ஸ் நகல், ஸ்கேன் படம், 142இல் விழும் பள்ளத்தின் படம், கம்பத்தின் படம், 10ஆம் பிரிவு, இவை அடங்கிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் உள்ளூர் ஆபரேட்டருக்கும் அவருக்கு சிக்னல் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது போலீஸ் கமிஷனர். இந்தச் சட்டத்தில் அதிகாரம் பெற்ற அலுவலர்கள் அவர்கள்தான். மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கும் ஒரு நகல் போகட்டும். விமானங்கள் பேசும் 118–137 மெகாஹெர்ட்ஸும் கேபிள் டிவி பயன்படுத்தும் அதிர்வெண் வரம்புக்குள்தான் வருகிறது என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேருங்கள். அது உண்மை, கவலைப்பட வேண்டிய விஷயமும்கூட. அமெரிக்காவில் இதற்காகவே கேபிள் கசிவுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 54–216 மெகாஹெர்ட்ஸில், மூன்று மீட்டர் தூரத்தில் அனலாக் சிக்னலுக்கு மீட்டருக்கு 20 மைக்ரோவோல்ட், டிஜிட்டலுக்கு 17.4.

லைன்மேன் வரும் நாளில் ஒரே ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள்: ஆம்ப்ளிஃபையரின் இன்புட்டைப் பத்து விநாடி கழற்றச் சொல்லுங்கள். டாங்கிள் திரையில் இரைச்சல் மேடு சட்டென்று இறங்கி, மாட்டியதும் ஏறினால், அதற்குப் பிறகு "உங்க ரேடியோ" என்ற பேச்சுக்கு இடமில்லை. அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே ஆன்டெனாவில் அளந்து எழுதி வையுங்கள். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் மறுபடி அளந்து பாருங்கள்.