கிணத்துல கலந்த டீசலை எடுக்க வந்தவங்க, எங்க அனுபவம்

ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல எங்க படகு ஷெட்ல டீசல் பேரல் அடியில ஓட்டை விழுந்து கசிஞ்சிருக்கு, கவனிக்கல, இங்க பூராம் மணல்தானே, கடகடன்னு இறங்கி கிணத்துத் தண்ணி மேல வானவில் கலர்ல படலம், வாடை வேற. ஒரு கம்பெனிக்காரங்கள கூப்பிட்டோம். வாடையடிச்ச மண்ணை தோண்டி தார்ப்பாய்ல போட்டாங்க, டீசல் தண்ணிய விட லேசு மிதக்கும்னு உறிஞ்சுற ஷீட்டை விட்டு மேலாப்புல எடுத்தாங்க. சோப்புத்தூள் கொட்டவே விடல, தண்ணியோட கலந்துட்டா எடுக்குறது இன்னும் கஷ்டமாம். நிறைய இறைச்சா உப்புத்தண்ணி ஏறிரும்னு மோட்டாரை நிதானமா ஓட்டுனாங்க பாருங்க, அது ரொம்ப பிடிச்சுது. தோண்டுன மண்ணை கிளறி காத்தும் உரமும் குடுத்தா பாக்டீரியாவே டீசலை தின்னுரும், மாசக்கணக்கு ஆகும்னாங்க.

ஒரே குறை, தண்ணி டெஸ்ட் ரிசல்ட்டை கேட்டு கேட்டுதான் வாங்கணும். குடிக்கிற தண்ணிங்க அது, டீசல்ல இருக்கக்கூடிய பென்சீன்ங்கிற புற்றுநோய் வர வைக்கிற கெமிக்கல் இருக்கா இல்லையான்னு தெரியாம புள்ளைகளுக்கு எப்படி குடுக்குறது? இன்னும் குடம் குடமா காசுக்குதான் வாங்குறோம்.