லூப்பர் பெடலோடு மூன்று வருடம், ஒரே பாட்டு

போன வாரம் சபைக் கொயரில் என்னோடு கிட்டார் வாசிக்கிற நண்பன் போன் பண்ணினான். "ஏலே, ஒன்கிட்ட இருக்க அந்த லூப்பர் வெல கொறஞ்சிருக்கு, வாங்கட்டா?" லூப்பர் என்பது நாம் வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடுகிற, காலால் அழுத்துகிற பெடல். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் அதை ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன், கோபம் ஆறவில்லை.

நான் அதை வாங்கியது ஒரே ஒரு பாட்டுக்காக. ஆட்டம் லீவ்ஸ் (Autumn Leaves), 1945இல் ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த பிரெஞ்சுப் பாட்டு, ஜாஸ் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறார்கள். பாளையங்கோட்டையில் கொயருக்குக் கிட்டார் வாசிக்க ஆள் தேடினால் தெருவுக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள். ஜாஸுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வா என்று கூப்பிட எனக்கு ஒருவரும் இல்லை. அதனால் நானே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) வாசித்து, அதைப் பதிந்து ஓடவிட்டு, அதற்கு மேல் நானே சோலோ வாசிக்க வேண்டும், பெடல் அதற்குத்தான்.

இதில் என்னை மூன்று வருடமாகப் படுத்தி எடுப்பது, பதிவைத் தொடங்கவும் முடிக்கவும் இருக்கிற அந்த ஒற்றைப் பட்டன். பாட்டு 32 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு), நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்கு 64 விநாடி. அந்த 64 விநாடியும் ஒழுங்காக வாசித்துவிட்டு, முடிகிற இடத்தில் பட்டனை ஒரு நூல் பிந்தி அழுத்தினால் போதும், அந்தப் பிசகும் பதிவில் சேர்ந்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாளம் அதே இடத்தில் இடறும், எத்தனை சுற்று ஓடினாலும் சரியாகாது. கடைசிக் கார்டு முடிந்ததும் அழுத்தக் கூடாது, 33-ஆவது பாரின் முதல் தட்டில், அதாவது திரும்ப முதல் பார் தொடங்குகிற அதே தட்டில் அழுத்த வேண்டும் என்று புரியவே ஒரு மாதம் ஆனது. வலது காலால் தாளம் தட்டிக்கொண்டு அதே காலால் பட்டனையும் அழுத்தப் பார்த்ததுதான் பாதிப் பிரச்சினை. தாளத்தை இடது குதிகாலுக்கு மாற்றிய பிறகு சுற்று சுத்தமாக மூடியது.

அப்புறம் போன வருடம் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. சரியான தட்டில் அழுத்துவேன், லூப் ஓடாமல் நின்றுவிடும். இரண்டு முறை அடுத்தடுத்து அழுத்தினால் நிற்கிற மாதிரி செய்த பெடல் இது, ஆகவே என் கால்தான் நடுங்குகிறது என்று நினைத்து எட்டு மாதம் காலைப் பழக்கினேன். கம்பெனிக்கு எழுதினால், வாரன்டி முடிந்துவிட்டது, ஸ்பேர் கொடுப்பதில்லை, புதிது வாங்குங்கள் என்று பதில். ஜங்ஷன் பக்கம் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிற ஓர் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்க கால்ல ஒண்ணுமில்ல, சுவிட்சு தேஞ்சிபோச்சி, ஒரு அமுக்குக்கு ரெண்டு தடவ தொடுது" என்றார். சுவிட்சு மாற்ற மொத்தம் 180 ரூபாய். காலால் மிதிப்பதற்கென்றே விற்கிற பொருளில் மிதிக்கிற பாகம் இரண்டே வருடத்தில் தேய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். கார்டு வாசிப்பது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெடல்தான். கொயரில் ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தே பழகிய கை எனக்கு. முதல் தடவை என் கார்டுகளை ஓடவிட்டு அதன் மேல் சோலோ வாசித்தபோது, ஒரு சுரம் வைக்கக்கூட இடமில்லை, அவ்வளவு அடைசல். அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் கவுண்ட் பேசியின் இசைக்குழுவில் 1937 முதல் 1987இல் இறக்கும்வரை, சோலோ என்று அநேகமாக எதுவும் வாசிக்காமல், பாருக்கு நான்கு தட்டு மட்டும் வைத்துக்கொண்டிருந்த கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீனைக் கேட்டுவிட்டு நானும் குறைக்க ஆரம்பித்தேன். மூன்றே கம்பி. ஏ மைனர் 7: ஆறாவது, நாலாவது, மூன்றாவது கம்பிகள், எல்லாம் 5-ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் இருக்கிற கட்டைக்கு அந்தப் பெயர்). டி 7-க்குப் போக அடிசுரம் ஐந்தாவது கம்பிக்கு மாறும், நாலாவது கம்பி ஒரே ஒரு ஃப்ரெட் இறங்கி 4-க்கு வரும், மூன்றாவது அசையாது. அடுத்து ஜி மேஜர் 7-இல் அந்த மூன்றாவது கம்பி 5-இலிருந்து 4-க்கு இறங்கும், நாலாவது அசையாது. ஒன்று நிற்க ஒன்று இறங்க, இப்படி மாறி மாறி இறங்குகிற அந்த இரண்டு கம்பிகளுக்குள்ளேயே பாட்டு மொத்தமும் இருப்பதை லூப்பில் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சோலோவும் அங்கேயிருந்துதான் வந்தது. முதலில் இ மைனரின் ஐந்து சுரங்களை எல்லா இடத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தேன், பி 7 கார்டு வரும்போது மட்டும் ஏதோ உரசும். நம் கர்நாடக இசைக் கணக்கில் இ-யை சட்ஜமாக வைத்தால், மற்ற இடங்களில் கைசிகி நிஷாதம், அந்த பி 7-இல் அதைவிட அரைச்சுரம் உயர்ந்த காகலி நிஷாதம். நடபைரவி ராகம் ஒரு பாருக்கு மட்டும் கீரவாணி ராகம் ஆகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு சுரத்தைச் சரியான தட்டில் தொட்டு, இ மைனர் வரும்போது சட்ஜத்தில் கொண்டுபோய் வைத்தால், அதுவரை வாசித்த சாதாரணச் சுரங்களுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. யாரும் கூட வாசிக்காத ஊரில் இதை எனக்குக் காட்டிய பொருளை நான் எப்படிக் குறை சொல்ல!

இருந்தாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். விலை எவ்வளவு குறைந்தாலும் அதே சுவிட்சுதான் உள்ளே இருக்கப்போகிறது. தவிர, நான் சோலோவில் சத்தத்தை இறக்கினால் அது இறங்காது, நான் ஒரு பார் சும்மா இருந்தாலும் அது பாட்டுக்கு அதையே வாசிக்கும். மூன்று வருடத்தில் என் பக்கவாத்தியம் ஒரு தடவைகூட நான் வாசிப்பதைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிட்டாரோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் சுற்று கார்டு நான், சோலோ அவன். அடுத்த சுற்று மாற்றிக்கொள்வோம்.

பெடலை விற்கமாட்டேன், கேட்காதீர்கள்.