கொடைக்கானலில் லீவு நாள் காட்டேஜ்: இருட்டும் வரை இழுத்தடித்தால் உஷார்

கொடைக்கானலுக்குத் தொடர் விடுமுறையில் குடும்பத்தோடு கிளம்பப் போகிறவர்கள், அதிலும் புரோக்கர் மூலமாகக் காட்டேஜ் பிடிக்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் பொங்கலுக்கு எங்களுக்கு நடந்தது இது. பணம் போன எரிச்சலைக்கூட விட்டுவிடலாம். 70 வயது தாண்டிய மாமாவையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஜனவரிக் குளிரில் நடுரோட்டில் நிற்க வைத்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2026 பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், அப்புறம் ஞாயிறு. நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு என்றால் மதுரை, திண்டுக்கல், திருச்சி, கோவை என்று பாதி சனம் மலை மேல்தான் இருக்கும். மார்கழி பிறந்தபோதே ஏரிக்குப் பக்கத்து ஓட்டல்களில் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் என்னோடு வேலை பார்ப்பவர் ஒரு புரோக்கரின் நம்பர் கொடுத்தார். போன ஆவணியில் அந்த ஆள் மூலமாகத்தான் அவர்கள் தங்கினார்களாம், எல்லாம் சரியாக இருந்ததாம். அவர் சொன்னது பொய் இல்லை. கூட்டமில்லாத நாட்களில் இந்த ஆட்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறார்கள். அந்த நல்ல பேரை வைத்துத்தான் லீவு நாளில் கொள்ளையடிக்கிறார்கள்.

வெறும் போட்டோவை நம்பவில்லை, வீடியோ கால் போடச் சொன்னேன். போட்டார். கட்டில், பாத்ரூம், வெந்நீர்க் குழாயில் ஆவி வருவது வரைக்கும் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது, பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் நீலநிறத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. இரண்டு அறை, இரண்டு ராத்திரி, அறைக்கு 4,500 வீதம் 18,000 ரூபாய். பாதியை அட்வான்ஸாக ஜிபேயில் அனுப்பினோம். பெயர் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயராக வந்தது. கேட்டதற்கு, "எங்க அம்மா அக்கவுண்ட்டுக்கா, நான் யூஸ் பண்றதுதான்" என்றார். மலைக்கு வண்டியில் ஏற எடுக்க வேண்டிய இ-பாஸுக்கும் ஆளுக்கு 50 ரூபாய் கொடுத்தால் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். அதை மட்டும் வேண்டாம் என்றுவிட்டோம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பாஸுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது, அரசின் தளத்தில் போன் நம்பரும் வண்டி எண்ணும் கொடுத்தால் உடனே வந்துவிடும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. இதற்குப் பணம் கேட்கிற ஆள் வேறு எதற்கும் பணம் கேட்பான் என்பது இப்போது தெரிகிறது.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் மதுரையில் கிளம்பி வத்தலகுண்டு வழியாக ஏறினோம். பெருமாள்மலை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, அதற்கு மேல் வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட் வரை வண்டி ஊர்ந்தது. ஒருவழியாக மூன்று மணி போல ஊருக்குள் நுழைந்து போன் போட்டால், "இப்பதான்க்கா செக்-அவுட் ஆகுறாங்க, கிளீனிங் நடக்குது, அதுக்குள்ள ஏரியைச் சுத்திட்டு வாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நாலரைக்குக் கேட்டால், பெட்ஷீட் காயவில்லை. ஐந்தரைக்குக் கேட்டால், பையன் வந்துகொண்டே இருக்கிறான், ஏழு ரோடு சந்திப்பில் நில்லுங்கள். அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை. லொகேஷன் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன், வரவில்லை. 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், தை பிறந்த சமயத்தில் புல்வெளியில் உறைபனி படிகிற ஊர், வெயில் இறங்கியதும் குளிர் எப்படி ஏறும் என்று போனவர்களுக்குத் தெரியும். மாமாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

நன்றாக இருட்டிய பிறகு ஒரு பையன் பைக்கில் வந்தான். "அந்த ரூம்ல பைப் உடைஞ்சிருச்சுக்கா. அதைவிட நல்ல ரூம், புது பில்டிங், பக்கத்துலதான், பின்னாடியே வாங்க." வேறு வழி? பின்னாலேயே போனோம். நாயுடுபுரம் தாண்டி, அட்டுவம்பட்டி தாண்டி, அன்னை தெரசா பல்கலைக்கழகத்தையும் தாண்டி வில்பட்டிப் பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கிறது வண்டி. தெருவிளக்கு இல்லை, எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஏரிக்கு நடந்தே போகலாம் என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிய அறை இது.

யாரோ குடியிருந்த வீட்டின் மாடியை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்து இரண்டு அறை என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. கம்பளியை உதறினால் பூஞ்சை வாசம். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு நைலான் கயிற்றை ஆணியில் சுற்றிவிடச் சொன்னான். கீசர் சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, அரை மணி கழித்தும் பச்சைத் தண்ணீர்தான். இதற்கு அவன் கேட்டது: மீதி 9,000, மொத்தத் தொகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஹீட்டருக்கு ராத்திரிக்கு 500. பில் கொடு, ஜிஎஸ்டி எண் எங்கே என்று என் கணவர் கேட்டதற்கு முழித்தான். ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான், 18 எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் ஜிஎஸ்டியை விட்டுவிட்டான். ஆனால் மீதி 9,000-த்தையும் ஹீட்டர் காசையும் முழுசாக வைத்தால்தான் சாவி என்று நின்றுகொண்டான். ஒரு ராத்திரிக்கு மட்டும் தருகிறோம், காலையில் போய்விடுகிறோம் என்றோம். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேணாம்னா விட்டுருங்கக்கா. இந்த நேரத்துல ஊருக்குள்ள ஒரு ரூம் கிடைக்காது. பிள்ளையை வச்சுக்கிட்டுக் கீழயும் இறங்க மாட்டீங்க."

மூன்று மணியிலிருந்து எங்களை இழுத்தடித்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பகலில் அந்த அறையைக் காட்டியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்போம். பழனிக்கு இறங்கலாமா என்றுகூட யோசித்தோம், ஆனால் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிய நேரம், அங்கேயும் அறை நிச்சயமில்லை. மாமாவின் மூச்சைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்தோம். அத்தை தன் சால்வையையும் கழற்றிக் குழந்தை மேல் போட்டுவிட்டு விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார்.

காலையில் ஊருக்குள் வந்ததும் நான் முதலில் செய்தது, ஏரிக்கு மேல் ரோட்டில் அந்த நீலத் தொட்டியைத் தேடியதுதான். கிடைத்தது. வீடியோவில் பார்த்த அதே காட்டேஜ், பைப் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கென்று சொன்ன இரண்டு அறையிலும் வெளிமாநில ஆட்கள். வாட்ச்மேன் வயதானவர், நல்ல மனிதர். "ராத்திரிக்கு 8,000 குடுத்து எடுத்திருக்காங்கம்மா. இதே ரூமைக் கேட்டு நேத்தே ரெண்டு குடும்பம் வந்துட்டுப் போச்சு" என்றார். அதாவது ஒரே அறையைக் காட்டிப் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்வது, கடைசி நேரத்தில் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை வில்பட்டி, பள்ளங்கிப் பக்கம் தள்ளிவிடுவது. போட்டோ நிஜம், வீடியோ நிஜம், அறையும் நிஜம். அதனால்தான் எவ்வளவு விசாரித்தாலும் இந்த மோசடி பிடிபடுவதில்லை. வீட்டுக்காரருக்கு இது தெரியுமா தெரியாதா என்று என்னால் சொல்ல முடியாது, அவரைப் பார்க்க முடியவில்லை.

கொடைக்கானலில் இப்படிப்பட்ட பெயரில்லாத அறைகள் ஏராளம். அங்கே கட்டடம் கட்ட 1993-லேயே முழுமைத் திட்டம் என்று ஒன்று வந்து, அதை மீறி எழும்பிய பல கட்டடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் நகராட்சி சீல் வைத்தது. இன்னமும் எத்தனையோ வீடுகள் போர்டு இல்லாமல், பில் புத்தகம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் தங்கிய மாடிக்கும் பெயர்ப்பலகை இல்லை. தங்குகிறவர்களின் பெயர், விலாசம் எழுதும் ரிஜிஸ்டர்கூட இல்லை. ஆதார் நகல் கேட்கவில்லை. ராத்திரி அங்கே ஏதாவது ஆகியிருந்தால் நாங்கள் அங்கே இருந்தோம் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

அதனால் சொல்கிறேன். லீவு நாளில் போவதாக இருந்தால், புரோக்கரிடம் பேசுவதோடு விடாமல், காட்டேஜின் பெயரைக் கேட்டு, அந்த இடத்தின் போன் நம்பரைத் தனியாகத் தேடி, எங்கள் பெயரில் இந்தத் தேதிக்கு அறை இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். லொகேஷன் அட்வான்ஸுக்கு முன்னால் வர வேண்டும். பணம் காட்டேஜின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குள் நின்று பார்த்துவிடுவது. மூன்று மணிக்குச் சாவி வரவில்லை என்றால் நாலு மணிக்குள் வேறு ஏற்பாடு பாருங்கள், அல்லது வத்தலகுண்டுக்கு இறங்கிவிடுங்கள், பகலில் அது ஒரு விஷயமே இல்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஒன்றும் அங்கே இருக்கிறது, அது சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தேதி முடிவானதும் முதலில் அதைப் பாருங்கள்.

பேரிஜம் ஏரிக்குப் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஜீப்காரர்கள் பணம் கேட்பதும் நடக்கிறது. அனுமதி வனத்துறை கொடுப்பது, வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, யானை நடமாட்டம் இருந்தால் மூடியும் விடுவார்கள். வனத்துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கொடைக்கானலில் இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அறையின் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுங்கள், லொகேஷனைச் சேமித்துக்கொள்ளுங்கள், கையில் காசாகக் கொடுக்காமல் மீதியையும் ஜிபேயிலேயே அனுப்புங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அது இப்போது உதவுகிறது. ஊருக்கு வந்து 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு போனையே அணைத்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள், அது சைபர் குற்றப் பிரிவின் எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதுதான் கணக்கு.

அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பிய மறுநாளே, "அக்கா, 4,000 தர்றேன், விட்டுருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. முழுப் பணமும், மாமாவின் மருத்துவச் செலவும் வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். மதுரையிலேயே மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நகராட்சிக்கும் அந்த மாடியின் லொகேஷனோடு எழுதிப் போட்டாயிற்று. அதே பொங்கல் வாரத்தில் நீலத் தொட்டி தெரியும் ஜன்னலைக் காட்டி உங்களிடமும் அட்வான்ஸ் வாங்கியிருந்தால், ஜிபே ரசீதை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து புகார் கொடுத்தால் ஒரே அறையைப் பலருக்கு விற்றதை ஆணையத்தில் நிரூபிக்க முடியும்.