மீட்டர் டயலை வீட்டிலேயே மாற்ற எந்த வழி நல்லது?

சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, 10 வயது தாண்டிய காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். இன்ஜின் நன்றாக ஓடும், ஏர்கான் ஜில்லென்று வரும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம், பெட்ரோல் காட்டும் மீட்டரின் டயல், அதாவது எண்கள் அச்சிட்ட தட்டு, மட்டும் வெளிறிப்போய் இரவில் எண்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். அதை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் முள் ஓடுகிற மீட்டருக்குத்தான் இது. திரை வைத்த புதுக் கார்களுக்குப் பொருந்தாது.

கிடைப்பவை மூன்று விதம்: பழைய டயல்மேல் ஒட்டும் ஸ்டிக்கர், பழையதை எடுத்துவிட்டுப் போடும் முழு டயல், தானே ஒளிரும் குளோ டயல். வேறொரு காரில் கழற்றிய முழு மீட்டரை அப்படியே மாட்டுவோரும் உண்டு. பலர் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது முள்ளை. அதைக் கழற்ற வேண்டுமா, கழற்றினால் பழைய இடத்திலேயே திரும்ப உட்காருமா என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

“அண்ணே, மேல ஒட்டுற ஸ்டிக்கர் போதாதா?” என்று தம்பிமார் கேட்பார்கள். முள்ளைத் தொடவே வேண்டாம் என்பது அதன் பெரிய வசதி. நடுத் துளை வழியாக முள்ளை நுழைத்துப் படியவைத்தால் முடிந்தது. ஆனால் படலம் இரண்டு ஆகிவிடுவதால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் மங்கும். டயலுக்கும் முள்ளுக்கும் இடைவெளி மிகக் குறைவு. திறந்தவெளியில் நம் ஊர் வெயிலில் நிற்கும் காரில் பசை இளகி ஓரம் எழும்பினால் முள் அதில் உரசும். வேகமுள் உரசினால் சீக்கிரம் கண்ணில் படும். வெப்பமுள் சிக்கி நின்றுவிட்டால் இன்ஜின் கொதிப்பது தெரியாமல் தீவு விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டிருப்போம். அதனால்தான் எனக்கு ஸ்டிக்கரில் மனம் ஒப்பவில்லை.

என் ஓட்டு முழு டயலுக்கே. வெளிச்சம் சீராக வரும், ஒட்டு எழும்பும் பயமில்லை. பொறுமைதான் அதற்கான விலை. சாவியை ஆனில் வைத்து எல்லா முள்ளையும் நேராகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில ஜப்பானியக் கார்களில் சாவியை எடுத்த பிறகும் பெட்ரோல் முள் கீழே இறங்காது. படம் இல்லாவிட்டால் அது எங்கே நின்றது என்று பிறகு தெரியாது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருப்பதால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விட்டபிறகே மீட்டரில் கைவையுங்கள். மீட்டரை மேலே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யலாம். அது திரும்ப மாட்டப்படும்வரை கார் இடத்தைவிட்டு நகரக் கூடாது, ஆகவே கார் தேவைப்படாத நாளாகப் பாருங்கள்.

பழைய வகை மீட்டரில் வேகமுள் ஒரு சின்னத் தடுப்புமேல் சாய்ந்திருக்கும். அதை மெல்லத் தூக்கித் தடுப்பைத் தாண்டவிட்டால் சுதந்திரமாக ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் உண்மையான இடம். அங்கே மாஸ்கிங் டேப்பில் குறி போடுங்கள். பிறகு துணி விரித்து, முள்ளின் அடியில் இரண்டு பக்கமும் டீஸ்பூன் கொடுத்து ஒரே அளவில் நெம்ப வேண்டும். தண்டு மிக மெல்லியது, சாய்த்து இழுத்தால் வளைந்துவிடும். திரும்பப் போடும்போது அடிவரை அழுத்தாமல் மயிரிழை இடைவெளி விடுங்கள். ஸ்டெப்பர் மோட்டார் (முள்ளைப் படிப்படியாக நகர்த்தும் சின்ன மின்மோட்டார்) உள்ள மீட்டர், காரில் திரும்ப இணைத்துச் சாவியைத் திருப்பியதும் தானே பூஜ்ஜியத்துக்கு வரும். முள்ளைப் பூஜ்ஜியத்தில் அப்போது அழுத்தினால் போதும்.

முடித்ததும் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசியைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஐநாவின் 39ஆம் விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை. அதாவது 90இல் போகும்போது 103 வரை காட்டலாம். உங்கள் முள் சற்றுக் கீழே உட்கார்ந்துவிட்டால், 90 எல்லையுள்ள விரைவுச்சாலையில் அறியாமலே வேகம் மீறுவீர்கள்.

குளோ டயல் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். அதற்கு 12 வோல்ட்டை உயர் மின்னழுத்தமாக மாற்றும் இன்வெர்ட்டர் வேண்டும். அது மெல்லிய கீச்சொலி எழுப்பும். ஒளியும் வருடங்களில் மங்கும். தினம் ஓட்டும் காருக்கு வேண்டாம்.

முழு மீட்டரை மாற்றுவது கைவேலையாக மிகச் சுலபம். ஆனால் பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வேறொரு காரின் கணக்கை நம் காரில் காட்டிக்கொண்டு விற்பது நேர்மையல்ல. மீட்டரின் மோட்டார் பழுதானால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

10 வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது. எந்த வழியானாலும் எச்சரிக்கை விளக்கு ஒன்றையும் புது டயல் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது உங்கள் முள்ளின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு முள்ளுக்கு வெள்ளை டயல் பகலில் எடுப்பாக இருக்கும். வெள்ளை முள் உள்ளவர்கள் கறுப்பு டயலே வாங்குங்கள், வெள்ளையில் முள் இருப்பதே தெரியாது.