பழைய ராணுவ மெடல் வாங்குறவங்க கவனத்துக்கு: என் 18,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய நாணயம், தபால்தலை, மெடல் எல்லாம் ஏலத்துல விக்கிற ஒரு ஆன்லைன் தளம். பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு நண்பர் தடுக்கிறார், அதனால போடலை. அங்கதான் 18,500 ரூபாயைத் தொலைச்சிருக்கேன்.

வாங்கினது முதல் உலகப்போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல், வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை மேல அம்மணமா ஒரு வீரன். சுமார் 65 லட்சம் மெடல் கொடுத்திருக்காங்க, அதனால வெறும் மெடலுக்குப் பெரிய விலை கிடையாது. விலை எல்லாம் விளிம்புலதான். அன்னைக்கு மெடல் பெற்ற சிப்பாயோட எண், பதவி, பேர், படைப்பிரிவு அங்கதான் குத்தியிருக்கும். இதுல இருந்தது 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய் ஒருத்தர் பேர். 1914 நவம்பர்ல ஜெர்மானிய கிழக்கு ஆப்பிரிக்காவுல (இப்ப தான்சானியா), தாங்கா துறைமுகத்துக்குப் பக்கத்துல இறங்கி அடிவாங்கின படை. ஆங்கிலப் புத்தகங்கள்ல அவங்களுக்கு நல்ல பேர் இல்லை, சிதறி ஓடினாங்கன்னுதான் இருக்கும். வாரக்கணக்கா கப்பல்ல அடைச்சு வச்சு, முன்பின் தெரியாத கரையில இறக்கிவிட்டா யார்தான் நிப்பாங்க? அது கிடக்கட்டும். திருநெல்வேலிக்காரனுக்கு பாளையங்கோட்டைன்னு விளிம்புல பார்த்தா கை சும்மா இருக்குமா?

நம்ப வச்ச விதத்தைச் சொல்லணும். வித்தவன் பேருக்குப் பக்கத்துல நீல டிக், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்"னு தளமே போட்டிருக்கு. படம் எல்லாம் பளிச்னு இருந்துச்சு, ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம். போன்ல பேசினான். "அண்ணே, நகைக்கடைக்குப் போனா உருக்கிப்புடுவாங்கண்ணே. விவரம் தெரிஞ்ச உங்கள மாதிரி ஆள் கையில இருக்கட்டும்னுதான் வச்சிருக்கேன்." வெள்ளி விலை ஏறினப்ப எல்லாம் எத்தனையோ மெடல் உருகிப்போனது உண்மைதான். எந்த இடத்துல தொட்டா நான் விழுவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு ராத்திரியே 18,500 கட்டினேன்.

பார்சல் வந்துச்சு. லென்ஸை வச்சுப் பார்த்ததும் வயிறு கலங்கிடுச்சு. அசல்ல எழுத்தை அச்சால குத்தியிருப்பாங்க, ஒரே ஆழமா இருக்கும். இதுல பாத்திரக்கடையில எவர்சில்வர் தூக்குவாளிக்குப் பேர் வெட்டித் தருவாங்களே, அந்த மாதிரி வெட்டியிருக்கு. ஓரத்துல பிசிறு கையில குத்துது. வெர்னியர் வச்சு அளந்தேன். 36 மில்லிமீட்டர் இருக்கணும், 35.3 தான் இருக்கு. யாரோ ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோட பேரை அரத்தால ராவி எடுத்துட்டு, மேல நம்ம ஊர்ப் பேரை வெட்டியிருக்கானுங்க. அந்தப் பளிச் படங்களைக் கூகுள் லென்ஸ்ல போட்டா, இங்கிலாந்துல எப்பவோ ஏலம் போன வேற மெடலோட படம்!

போன் போட்டேன். முதல்ல "கூரியர்ல மாறியிருக்கும்ணே". அப்புறம் "வெள்ளிதானண்ணே, தட்டான்கிட்ட உரசிப் பாருங்க". நான் வெள்ளியா கேட்டேன்? அதுக்கப்புறம் பிளாக்.

தளம் அதைவிட மோசம். பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டாங்க, அனுப்பினேன். "விளிம்பு தெளிவாக இல்லை"ன்னாங்க. விளிம்பை மட்டும் தனியா எடுத்து அனுப்பினேன். "இது பிரிக்கும்போது எடுத்ததல்ல"ன்னாங்க. கடைசியில "சேகரிப்புப் பொருட்களின் உண்மைத்தன்மைக்கு நாங்கள் பொறுப்பல்ல". அப்ப அந்த நீல டிக் எதுக்குய்யா? 18,500 ரூபாய்க்குக் கமிஷன் மட்டும் எடுத்துக்கிட்டீங்கல்ல? டிக்கெட்டை மூடிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்னு வேற மெயில்.

சைபர் மோசடி உதவி எண் 1930-லயும், நுகர்வோர் உதவி எண் 1915-லயும் புகார் கொடுத்தாச்சு. பார்க்கலாம்.

விவரமா டிப்ஸ் எழுதறேன்னு குரூப்ல சொல்லியிருந்தேன், இப்ப மனசு இல்லை. அவசரத்துக்கு இது: விளிம்பை வெயில்ல வச்சு, மெதுவா சுத்தி, பக்கத்துல ஸ்கேல் வச்சு வீடியோ கேளுங்க. படத்தை முதல்ல கூகுள்ல தேடுங்க. இந்தியச் சிப்பாய்க்கு விளிம்புல "பிரைவேட்"னு வெள்ளைக்காரச் சிப்பாயோட பதவி இருந்தா தொடாதீங்க. இரண்டாம் உலகப்போர்ல பர்மா போர்முனைக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் மெடல் பின்பக்கம் வெறுமையா இருந்து, "எங்க ஊர்ச் சிப்பாயோடது"ன்னு சொன்னா சந்தேகப்படுங்க. இந்தியாவுல கொடுத்ததுல பேர் இருக்கும், பிரிட்டிஷ்காரங்களுக்குக் கொடுத்ததுலதான் இருக்காது. போர்ல செத்தவர் மெடல்னு சொன்னா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துல பேரைத் தேடுங்க, காசு கிடையாது.

அதே ஆள் இன்னைக்குக் காலையில 61-வது பயனியர்ஸ் படைப்பிரிவுச் சிப்பாய் பேர்ல இன்னொரு மெடல் போட்டிருக்கான். அதே மேஜை விரிப்பு, அதே 18,500. யாரும் ஏலம் கேட்டுடாதீங்க.